நெடுந்தூர லாங்போர்டுக்குக் குறைந்த செலவில் சக்கரம்: பணத்தை எதில் போடுவது?

கேள்வியின் சாரம் இதுதான்: முன்பே ஒருவர் பயன்படுத்திய டிராப்-த்ரூ லாங்போர்டு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள்; அதாவது டிரக் எனப்படும் உலோகச் சக்கர அச்சுகளைப் பலகையில் வெட்டிய துளை வழியே பொருத்தித் தாழ்வாக நிற்கச் செய்த நீளமான ஸ்கேட்போர்டு. அதில் வந்த 70 மி.மீ. சக்கரங்கள் தேய்ந்துவிட்டன. லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையோரப் பாதையில் வெனிஸிலிருந்து தெற்கே டாக்வைலர் பக்கம் வரை சென்று திரும்ப, அதாவது ஒரு முறைக்கு ஏறத்தாழ 20 கி.மீ. தூரம், காலால் உந்திப் பயணிக்க விரும்புகிறீர்கள். எடை 75 கிலோ. கையில் இருப்பது 60 டாலர். இந்தப் பணத்தில் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத 90 மி.மீ. சக்கரங்களை வாங்குவதா, சக்கரத்தை விட்டுவிட்டு உயர்ந்த ரக பேரிங் வாங்குவதா, அல்லது இரண்டிலும் பாதிப் பாதியாகச் செலவிடுவதா என்பது உங்கள் குழப்பம்.

மூன்றுமே வேண்டாம் என்பது என் பதில். ஏறக்குறைய முழுப் பணத்தையும் 75 அல்லது 80 மி.மீ. விட்டமும் 77ஏ முதல் 80ஏ வரை கடினமும் கொண்ட, நல்ல யூரித்தேனில் (ரப்பர் போல நெகிழும் பிளாஸ்டிக்) வார்த்த ஒரே செட் சக்கரங்களில் போடுங்கள். இருக்கும் பேரிங்குகளைக் கழுவி எண்ணெயிட்டுப் பயன்படுத்துங்கள். இதற்கான காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்திருந்தால் கடையில் வேறொரு மாதிரி தள்ளுபடியில் கிடைக்கும்போது அது உங்களுக்கு ஒத்துவருமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் விட்டம். மார்வின் பிராட் பாதை என்று பெயரிடப்பட்ட அந்தக் கடற்கரைப் பாதை மொத்தம் 35 கி.மீ. நீளமுள்ளது, பெரும்பகுதி கான்கிரீட். தார்ச்சாலையைப் போலத் தொடர்ச்சியான கரடு அதில் குறைவு. பதிலாக, சீரான இடைவெளியில் குறுக்கே வெட்டிய இணைப்புக் கோடுகளும், ஆங்காங்கே விரிசல்களும், காற்று கொண்டுவந்து போட்ட மணலும், சிறு கற்களும் இருக்கும். 20 மி.மீ. அகலமுள்ள ஒரு விரிசலை எடுத்துக்கொள்வோம். தெருவில் தாவிக் குதிக்கும் சிறிய ஸ்கேட்போர்டின் 52 மி.மீ. சக்கரம் அதனுள் 2 மி.மீ. இறங்கும். 70 மி.மீ. சக்கரம் 1.5 மி.மீ. அளவுக்கும், 85 மி.மீ. சக்கரம் 1.2 மி.மீ. அளவுக்கும் இறங்கும். 52-லிருந்து 70-க்குப் போகும்போது கிடைக்கும் ஆதாயம் பெரிது. 70-லிருந்து 85-க்குப் போகும்போது ஆதாயம் உண்டு என்றாலும் அது அதற்கு முந்தியதைவிடச் சிறியது என்பதைக் கவனியுங்கள். 5 மி.மீ. உயரமுள்ள கல்லில் மோதும்போதும் இதே போக்குதான். சக்கரம் கல்லின் மேல் ஏற வேண்டிய சரிவு, 52 மி.மீ. சக்கரத்துக்கு 36 பாகை, 70 மி.மீ. சக்கரத்துக்கு 31 பாகை, 85 மி.மீ. சக்கரத்துக்கு 28 பாகை. விட்டம் கூடக் கூட நன்மை கூடுகிறது, ஆனால் கூடும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது.

விட்டம் கூடுவதால் வரும் கேடு அப்படிக் குறைவதில்லை. விட்டத்தில் சேரும் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் பலகை தரையிலிருந்து 5 மி.மீ. உயர்கிறது. 70-லிருந்து 90-க்குத் தாவினால் 10 மி.மீ. உயரும். இது பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஓர் உந்துக்கு 5 மீட்டர் நகர்ந்தால் 20 கி.மீ.க்கு 4,000 முறை உந்த வேண்டும். ஒவ்வொரு முறையும் பலகையில் நிற்கும் கால் கூடுதலாக 10 மி.மீ. மடங்கி எழ வேண்டும். மொத்தத்தில் 40 மீட்டர் கூடுதல் இறக்கமும் ஏற்றமும் ஒரே முழங்காலின் தலையில் விழுகிறது. நெடுந்தூரம் உந்துபவர்கள் பலகை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதைப் பற்றி ஓயாமல் பேசுவது இதனால்தான். மயாமிக்கு அருகிலுள்ள ஹோம்ஸ்டெட் கார் பந்தயத் திடலில் நடக்கும் 24 மணி நேர அல்ட்ராஸ்கேட் போட்டியில் மிகப் பெரிய சக்கரங்களைப் பார்க்க முடியும் என்பது உண்மையே. ஆனால் அங்கே அவற்றோடு சேர்ந்து வருபவை, டிரக்குகளுக்கு இடையே பலகை ஆழமாகத் தாழ்ந்து தொங்கும்படி அந்தச் சக்கரங்களுக்காகவே வடிவமைத்த பலகைகள். சக்கரத்தை மட்டும் அங்கிருந்து எடுத்து உங்கள் பலகையில் மாட்டினால் அந்தப் பயன் கிட்டாது. பெரிய சக்கரம் கனமானது என்பதால் நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கவும் கூடுதல் உழைப்பு வேண்டும். நடைபயணிகளுக்காக அடிக்கடி நிறுத்திக் கிளம்ப வேண்டிய வெனிஸ் பகுதியில் இதை நன்றாகவே உணர்வீர்கள்.

அடுத்து, உங்கள் பலகை எவ்வளவு பெரிய சக்கரத்துக்கு இடம் கொடுக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். திருப்பத்தில் சாயும்போது சக்கரம் பலகையின் அடியில் உரசிச் சட்டென்று நின்றுவிடுவதை வீல்பைட் என்பார்கள். பலகை நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். டிராப்-த்ரூ பலகைகளில் சக்கரம் இருக்கும் இடத்தில் மரத்தை வெட்டி எடுத்திருப்பார்கள் என்பதால் ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சாய்வில் சக்கரத்தின் மேற்பகுதி மட்டுமல்ல, முன்பகுதியும் அந்த வெட்டின் ஓரத்தில் மோதக்கூடும்.

அளக்கும் முறை எளியது. இப்போதுள்ள சக்கரத்தின் விட்டத்தை ஓர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 70 என்று அச்சிட்டிருந்தாலும் தேய்ந்து 68 ஆகியிருக்கும். வாங்கப்போகும் விட்டத்திலிருந்து அதைக் கழித்து வருவதில் பாதிதான் உங்களுக்குத் தேவைப்படும் கூடுதல் இடைவெளி. 80 மி.மீ. சக்கரம் என்றால் 6 மி.மீ. ஐந்து சென்ட் நிக்கல் காசின் தடிமன் 1.95 மி.மீ.; நான்கு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டினால் 7.8 மி.மீ. வரும், பாதுகாப்புக்குச் சிறிது மிச்சமும் இருக்கும். பலகையைப் புல்தரையில் வைத்து, அதன் மேல் ஏறி, விளிம்பில் குதிகாலை ஊன்றி முழு எடையையும் ஒரு பக்கம் சாயுங்கள். நண்பர் ஒருவர் அந்தக் காசு அடுக்கைச் சக்கரத்துக்கும் மரத்துக்கும் இடையே மிக நெருங்கிய இடத்தில் நுழைத்துப் பார்க்கட்டும். நான்கு மூலைகளிலும் தடையின்றி நுழைந்தால் 80 மி.மீ. போடலாம். இறுக்கிப் பிடித்தால் 75-ஓடு நின்றுவிடுங்கள், அல்லது டிரக்கிலுள்ள புஷிங் என்ற நெகிழும் வளையத்தைச் சற்றுக் கடினமானதாக மாற்றிச் சாய்வைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிரக்கைப் பலகையின் அடியில் வைத்துத் திருகும் பலகைகளில் இரண்டுக்கும் நடுவே ரைசர் என்ற தட்டைத் துண்டை வைத்து இடைவெளியைக் கூட்டுவது வழக்கம். டிராப்-த்ரூவில் அந்த வழி உங்களுக்குப் பயன்படாது.

கடினத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஷோர் ஏ அளவுகோலில் எண் குறையக் குறையச் சக்கரம் மென்மையாகிறது. 75ஏ என்பது அதிர்வை நன்றாக விழுங்கும், ஆனால் கனமானவர் ஏறினால் நசுங்கி வேகத்தை இழக்கும். 85ஏ-க்கு மேல் போனால் ஒவ்வொரு இணைப்புக் கோடும் உள்ளங்காலில் தெறிக்கும். 75 கிலோ எடைக்குக் கான்கிரீட் பாதையில் 78ஏ அல்லது 80ஏ பொருத்தமானது. 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர் 77ஏ-க்கோ அதற்குக் கீழேயோ போகலாம், 90 கிலோவுக்கு மேலிருப்பவர் 80ஏ-க்குக் கீழே இறங்க வேண்டாம். 78-க்கும் 80-க்கும் உள்ள வேறுபாட்டை எண்ணித் தூக்கம் கெடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். யூரித்தேனின் தரத்தில் உள்ள வேறுபாட்டுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அல்ல.

அந்தத் தரம்தான் இந்தப் பதிலில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. 1970களின் தொடக்கம் வரை ஸ்கேட்போர்டுகள் களிமண் கலவைச் சக்கரங்களில் ஓடின; ஒரு சிறு கல் குறுக்கே வந்தால் போதும், சக்கரம் நின்றுவிடும். ரோலர் ஸ்கேட்டுக்காக வார்க்கப்பட்ட யூரித்தேன் சக்கரங்களை ஃபிராங்க் நாஸ்வொர்தி ஸ்கேட்போர்டில் பொருத்திப் பார்த்து, கேடிலாக் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்த விளையாட்டு கரடான சாலைக்கு இறங்கியது. அன்று வடிவம் பெரிதாக மாறவில்லை, பொருள் மாறியது. இன்றும் இரண்டு சக்கரங்கள் விட்டத்திலும் கடினத்திலும் நிறத்திலும் ஒன்றாகவே இருக்கலாம். யூரித்தேனின் கலவை வேறென்றால் ஒன்று ஓடும், மற்றொன்று இழுக்கும்.

காரணம் சக்கரத்துக்குள் நடக்கும் நெளிவு. உங்கள் எடை அழுத்துவதால் தரையைத் தொடும் இடத்தில் யூரித்தேன் நசுங்குகிறது; சக்கரம் உருண்டு அந்த இடம் மேலேறும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கச் செலவான ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது நல்ல யூரித்தேன். மட்டமானது பிசைந்த மாவைப் போல அதை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் 80 மி.மீ. சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 20 முறை சுற்றுகிறது. அதன் பரப்பில் உள்ள ஒவ்வோர் இடமும் நொடிக்கு 20 முறை நசுங்கி எழுகிறது. நான்கு சக்கரங்களிலும், பயணம் முழுவதும், இந்தச் செலவை உங்கள் கால்தான் கட்டுகிறது.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். சக்கரத்தைத் தரையைத் தொடும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, முழங்கால் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விடுங்கள். நல்ல யூரித்தேன் துள்ளி எழும். மட்டமானது தொப்பென்று விழுந்து கொஞ்சமாக எழுந்து அடங்கிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்களை இப்படி அடுத்தடுத்து விட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இது ஆய்வுக்கூடச் சோதனை அல்ல, சக்கரத்தின் கெட்டியான நடுப்பகுதியான கோரின் அளவும் எடையும் துள்ளலை ஓரளவு மாற்றும். ஆனாலும் அட்டையில் அச்சிட்ட விளம்பரத்தைவிட நம்பத்தக்கது.

உங்கள் கண்ணில் பட்ட மலிவான 90 மி.மீ. சக்கரங்களுக்கு இப்போது வருகிறேன். ஏபெக் 11 நிறுவனத்தின் ஃப்ளைவீல் என்ற மாதிரி 83, 90, 97 மி.மீ. என்ற அளவுகளில் பெயர்பெற்றது. அதன் கோரில் உள்ள திறப்புகளில் பற்சக்கரத்தைப் பொருத்த முடியும் என்பதால் மின்சார ஸ்கேட்போர்டு கட்டுபவர்கள் அதைப் பெரிதும் விரும்பினார்கள். அதைப் பார்த்து வார்த்த போலிகள் சந்தையில் ஏராளமாக வந்தன. பெயரில்லாமல் 83, 90, 97 என்ற அளவுகளில் விற்பவை பெரும்பாலும் அந்த வகைதான். மின்சாரப் பலகையில் யூரித்தேன் எவ்வளவு ஆற்றலை விழுங்கினாலும் மோட்டார் அதை ஈடுசெய்துவிடும், ஓட்டுபவருக்கு மின்கலம் சற்று முன்னதாகத் தீர்வது மட்டுமே தெரியும். காலால் உந்தும் பலகையில் மோட்டார் நீங்கள்தான். அந்தச் சக்கரங்களைப் பற்றி மின்சாரப் பலகைக்காரர்கள் எழுதிய பாராட்டுகளை உங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோரைப் பற்றியும் சில சொற்கள். பேரிங் உட்காரும் கெட்டியான நடுப்பகுதிதான் கோர். அது பெரிதாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள யூரித்தேன் அடுக்கு மெல்லியதாகி நெளிவு குறையும், வேகம் நீடிக்கும். சிறிதாக இருந்தால் மெத்தென்று ஓடும், ஆனால் இழுக்கும். 75 மி.மீ.க்கு மேற்பட்ட சக்கரத்தில் கோர் பெரிதாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். கோரே இல்லாமல் முழுக்க யூரித்தேனாக வார்த்த பெரிய சக்கரத்தைத் தொடாதீர்கள். பேரிங் உட்காரும் இடமே வெயிலிலும் எடையிலும் நெகிழ்ந்து கொடுக்கும். விளிம்பு கூராக இருந்தால் பிடிமானம் அதிகம், வளைவாக இருந்தால் சறுக்க வசதி. நேராக ஓடும் பயணத்துக்கு எதுவானாலும் சரி. அகலத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

அமெரிக்கக் கடைகளில் பெயர்பெற்ற நிறுவனங்களின் 75, 80 மி.மீ. செட்டுகள் பெரும்பாலும் 60 முதல் 80 டாலர் வரை விற்கின்றன. உங்கள் தேவைக்கு நான் முதலில் சொல்வது ஒரங்கடாங் நிறுவனத்தின் கெகல்: 80 மி.மீ. விட்டம், பெரிய கோர், துள்ளலான யூரித்தேன். அந்த நிறுவனம் கடினத்தை நிறத்தால் குறிக்கிறது. நீலம் 77ஏ, ஆரஞ்சு 80ஏ, ஊதா 83ஏ. நீங்கள் ஆரஞ்சை எடுங்கள். காசு அடுக்குச் சோதனையில் 80 தேறவில்லை என்றால் அதே நிறுவனத்தின் இன் ஹீட் 75 மி.மீ. அளவில் வருகிறது. 60 டாலருக்குள் அடங்க வேண்டுமென்றால் நிறத்திலும் அச்சிலும் பிடிவாதம் பிடிக்காமல், கடைகள் பழைய அச்சுள்ள சரக்கைக் கழிக்கும் தள்ளுபடியைப் பாருங்கள். சென்ற ஆண்டின் படம் அச்சிட்ட சக்கரம் இந்த ஆண்டினுடையதைப் போலவே உருளும்.

பழைய செட் வாங்கவும் தயங்க வேண்டாம், சிலவற்றைப் பார்த்து வாங்கினால் போதும். பேரிங்கை மாட்டிக் கண்ணாடி மேசை போன்ற வழவழப்பான பரப்பில் அழுத்தி உருட்டுங்கள்; ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கையில் தட்டினால் சறுக்கலில் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது என்று பொருள். அது சரியாகாது. ஓரத்தில் துண்டு துண்டாகப் பெயர்ந்திருப்பதும், கோரில் மயிரிழை விரிசல் இருப்பதும், விரல்நகத்தால் அழுத்தினால் சிறிதும் அமிழாத அளவுக்கு யூரித்தேன் இறுகியிருப்பதும் விலக்க வேண்டிய அடையாளங்கள். ஒரு பக்கம் மட்டும் கூம்பாகத் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, திருப்பி மாட்டிச் சமன் செய்துகொள்ளலாம். மின்சாரப் பலகையிலிருந்து கழற்றியது என்று தெரிந்தால் மோட்டார் ஓட்டிய சக்கரங்களை மற்றவற்றோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். விட்டத்தில் 2 மி.மீ. வேறுபாடு இருந்தாலும் செட்டை விட்டுவிடுங்கள்.

பேரிங்குகளில் ஏன் பணம் போட வேண்டாம் என்கிறேன்? லாங்போர்டில் இருப்பது 608 என்ற பொதுவான தொழிற்சாலை அளவு: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. ஏபெக் 5, 7, 9 என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்கள், அந்த அளவுகள் எவ்வளவு நுட்பமாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் குறிப்பவை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் இயந்திரங்களில் அந்த நுட்பத்துக்கு மதிப்புண்டு. உங்கள் சக்கரம் சுழல்வது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 முறை மட்டுமே. கையால் சுண்டிவிட்டுச் சக்கரம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பதும் வீண், ஏனென்றால் அப்போது அதன் மேல் 75 கிலோ எடை இல்லை. சுழற்றும்போது கரகரக்காத, துருப்பிடிக்காத பேரிங் எதுவானாலும் சக்கரத்தின் தரம்தான் வேகத்தை முடிவு செய்யும். உண்மையிலேயே உங்களுடையவை துருவேறிக் கெட்டுப்போயிருந்தால், சாதாரண நல்ல செட் ஒன்று 20 டாலரை ஒட்டிக் கிடைக்கும். அதற்கு மேல் போக வேண்டாம்.

கழுவும் வேலை அரை மணி நேரத்தில் முடியும். பேரிங்கின் ரப்பர் மூடியை ஊசி முனையால் நெம்பி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி, மணலும் பழைய பசையும் வெளியேறிய பிறகு முழுவதும் உலர விட்டு, ஒன்றிரண்டு சொட்டு பேரிங் எண்ணெய் விட்டு மூடியைப் பொருத்துங்கள். பலர் செய்வதைப் போல டபிள்யூடி-40 பீய்ச்சிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். அது இருக்கும் எண்ணெயையும் கரைத்துவிடும், வெகுநேரம் நிற்கவும் நிற்காது. கடற்காற்றும் மணலும் சேர்ந்த பாதை என்பதால் இந்த வேலை உங்களுக்குச் சற்று அடிக்கடி வரும். பாதையை மணல் மூடிக் கிடக்கும் இடங்களில் எந்த விட்டமும் உதவாது. பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து கடந்துவிடுவது உத்தமம்.

மிஞ்சும் சில டாலர்களில் ஸ்பேசர் வாங்கிவிடுங்கள், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சக்கரத்துக்குள் இரண்டு பேரிங்குகளுக்கு இடையே ஆக்ஸிலில் கோக்கும் 10 மி.மீ. நீளக் குழாய்தான் அது. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங்குகள் பக்கவாட்டில் அழுந்தி இறுகும்; தளர்த்தினால் சக்கரம் ஆடும். ஸ்பேசரும் இரு பக்கமும் வாஷரும் இருந்தால் நட்டை நன்றாக இறுக்கலாம், சக்கரம் ஆடாமலும் இறுகாமலும் சுழலும். புதுச் சக்கரங்களை மாட்டிய பிறகு முதல் சில பயணங்கள் முடிந்ததும் தேய்மானத்தைப் பாருங்கள். ஒரே காலால் உந்துபவர்களுக்கு நான்கு சக்கரங்களும் ஒன்றுபோலத் தேயாது. முன் இடப்பக்கச் சக்கரத்தைப் பின் வலப்பக்கத்துக்கும், முன் வலப்பக்கத்தைப் பின் இடப்பக்கத்துக்கும், உட்புறம் வெளிப்புறமாகும்படி திருப்பி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தால் செட் முழுவதும் சீராகத் தேயும்.